இலவசம் வேறு, கட்டற்றது வேறு: டச்பேடின் கதை

சித்தேரி மலையில் பிள்ளைகள் ப்ளஸ் டூ வரை படித்த வீடு எதற்குப் போனாலும், பரணிலோ பீரோ மேலோ ஓர் அரசு மடிக்கணினி இருக்கிறது. சாமை மூட்டைக்கும் புளிப் பானைக்கும் நடுவே, பழைய துண்டைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஏன் எடுப்பதில்லை என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். ஒன்று, பேட்டரி போய்விட்டது. இரண்டு, ரொம்ப மெதுவாக ஓடுகிறது. மூன்றாவது, "அந்த அம்பு சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேங்குது." முதல் இரண்டு எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். மூன்றாவது பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அம்பை நகர்த்துவது எழுத்துப் பலகைக்குக் கீழே இருக்கும் சதுரமான வழவழப்புப் பரப்பு. டச்பேட் என்கிறார்கள். தமிழில் தொடுபலகை என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதன்மேல் ஒரு விரலை நகர்த்தினால் அம்பு நகரும். இரண்டு விரலை நகர்த்தினால் பக்கம் மேலும் கீழும் ஓடும். மூன்று விரலை நகர்த்தினால் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் தாவலாம். இந்த விரல் பாஷைக்குச் சைகை என்று பெயர். பார்க்கச் சின்ன சமாச்சாரம்தான். ஆனால் இதற்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது, நம் தமிழ்நாட்டு அரசின் கதையும் அதில் சேர்ந்திருக்கிறது.

தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மகள் வீட்டோடு இந்த மலையில் இருக்கிறேன். பிரெஞ்சு படித்ததால் ஒரு விஷயம் எனக்குச் சுலபமாகப் புரிந்தது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். காசு வேண்டாம் என்பதும் ஃப்ரீதான், கட்டுப்பாடு இல்லை என்பதும் ஃப்ரீதான். பிரெஞ்சில் அந்தக் குழப்பம் கிடையாது. காசு வேண்டாதது 'கிராத்துயி'. கட்டுப்பாடு இல்லாதது 'லீப்ர்'. கோவில் பிரசாதம் கிராத்துயி. கூண்டைத் திறந்துவிட்ட கிளி லீப்ர்.

1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 'குனூ' என்ற பெயரில் ஒரு மென்பொருள் இயக்கத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இந்த இரண்டும் சேர்ந்து வளர்ந்ததைத்தான் இன்று லினக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். அதை எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளும் இருந்தால்தான் அது ஃப்ரீ என்று ஸ்டால்மன் வரையறுத்தார். ஆங்கிலச் சொல் குழப்புகிறது என்று அவரே பல இடங்களில் 'லிப்ரே' என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்வார். தமிழில் இதற்கு அழகான ஒரு சொல் வந்துவிட்டது: கட்டற்ற மென்பொருள். ஆக, நம்மிடமும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. இலவசம் ஒன்று, கட்டற்றது இன்னொன்று.

இந்த இரண்டும் ஒரே பெட்டிக்குள் நம் வீடுகளுக்கு வந்தன. ஒன்றை மட்டும் எல்லோரும் பார்த்தோம்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அன்றுதான் முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு என்று முதல் ஆண்டிலேயே ஒன்பது லட்சத்துக்கும் மேல் வழங்கத் திட்டமிட்டார்கள். கொள்முதல் செய்தது எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணுக் கழகம். பின்வந்த ஆண்டுகளையும் சேர்த்தால் ஐம்பது லட்சத்தைத் தாண்டும். உலகத்தில் எந்த மாநில அரசும் இவ்வளவு பெரிய அளவில் செய்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் இருந்தது. கூடவே 'பாஸ்' என்ற இன்னொரு இயக்கு தளமும் இருந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், அதிலும் குறிப்பாக அதன் சென்னை மையம், டெபியன் என்ற உலகப் புகழ்பெற்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. 2007 ஜனவரியில் வெளியிட்டார்கள். தமிழ் உட்பட நம் நாட்டு மொழிகளில் மெனுக்கள் தெரியும்படி செய்தார்கள். அதே காலத்தில் எல்காட்டில் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக்காட்டினார். ஆகவே லினக்ஸ் நம் அரசுக்குப் புதிதல்ல.

கணினியைத் திறந்ததும் 'விண்டோஸா, பாஸா' என்று கேட்கும். பிள்ளைகள் விண்டோஸைத்தான் தொட்டார்கள். நெட் சென்டரில் பார்த்தது அதுதான், ஜெராக்ஸ் கடையில் இருப்பதும் அதுதான். பாஸைத் திறந்தவர்களும் சீக்கிரம் மூடிவிட்டார்கள். ஏன் என்று பல பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன். மென்பொருள் தத்துவம் எதையும் அவர்கள் சொல்லவில்லை. "தட்டினா கிளிக் ஆகல தாத்தா" என்றார்கள். அவ்வளவுதான். பெட்டியோடு மவுஸ் இல்லாத பிள்ளைக்கு டச்பேட்தான் கணினியின் வாசற்படி. அங்கே கால் இடறினால் உள்ளே வரமாட்டார்கள்.

இந்த வாசற்படி எப்படி வந்தது என்று பார்ப்போம். கலிபோர்னியாவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் 1960-களில் மவுஸைக் கண்டுபிடித்தார். முதல் மவுஸ் மரத்தில் செய்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் பெரிய கூட்டத்துக்கு முன்னால் அதை இயக்கிக் காட்டினார். மேசைக் கணினிக்கு அது போதும். மடியில் வைக்கிற கணினி வந்தபோது மவுஸை எங்கே வைப்பது? சிலர் கோலிக்குண்டு போன்ற உருண்டையை எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் பதித்தார்கள். ஐ.பி.எம். 1992-இல் எழுத்துகளுக்கு நடுவே சிவப்பு நிறத்தில் சின்னக் குமிழ் ஒன்றை வைத்தது. அமெரிக்காவின் ஜார்ஜ் கெர்ப்ஹைடு வேறு வழியில் போனார். மனித விரல் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? ஒரு தகட்டுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பிகளைப் பாய் நெய்கிற மாதிரி ஓடவிட்டு, விரல் வந்த இடத்தில் மின்னேற்றம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தால், விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த வகை டச்பேட் 1994-இல் ஆப்பிளின் பவர்புக் 500 வரிசையில் வந்தது. சில ஆண்டுகளில் மற்ற மடிக்கணினிகளும் இதற்கு மாறிவிட்டன.

அப்போதெல்லாம் ஒரு விரல்தான். பல விரல்களைப் பிரித்துப் பார்க்கும் கலையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் வெய்ன் வெஸ்டர்மன். டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, ஓயாமல் தட்டச்சு செய்ததில் அவருக்குக் கைவலி வந்துவிட்டது. அழுத்தித் தட்ட வேண்டிய விசைகளே இல்லாமல், பரப்பின்மேல் லேசாகத் தொட்டாலே வேலை நடக்க வேண்டும் என்று யோசித்தார். தன் பேராசிரியர் ஜான் எலியாஸோடு சேர்ந்து 1998-இல் ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். 2005-இல் ஆப்பிள் அதை வாங்கிக்கொண்டது. 2007-இல் ஐபோன் வந்தது. 2008-இல் மேக்புக் ஏர் மடிக்கணினியின் டச்பேடில் பல விரல் சைகைகள் வந்தன. இன்று நம் பேரப்பிள்ளைகள் இரண்டு விரலால் போட்டோவை விரிக்கிறார்களே, அதற்குப் பின்னால் வலித்த கை ஒன்று இருக்கிறது. சைகை என்பது ஆடம்பரத்துக்காகப் பிறந்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆப்பிள் தன் கணினியைத் தானே செய்கிறது, மென்பொருளையும் தானே எழுதுகிறது. லினக்ஸுக்கு அந்த வசதி இல்லை. டச்பேடுகளைச் செய்கிறவர்கள் சினாப்டிக்ஸ், எலன்டெக், ஆல்ப்ஸ் என்று பலர். ஒவ்வொரு டச்பேடும் தன் பாஷையில் பேசும். சினாப்டிக்ஸ் தன் பாஷையை விளக்கி ஒரு கையேடு வெளியிட்டது. மற்றவற்றை லினக்ஸ் ஆர்வலர்கள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விரலை இங்கே வைத்தால் எந்த எண் வருகிறது, அங்கே வைத்தால் எது மாறுகிறது என்று கல்வெட்டு படிப்பது போல உட்கார்ந்து படித்தார்கள்.

2009-இல் ஹென்ரிக் ரிட்பெர்க் என்பவர், பல விரல்களைப் பற்றிய செய்தியை எந்தக் கருவியும் ஒரே மாதிரி சொல்வதற்கான பொது நெறியை லினக்ஸின் மையப்பகுதியில் சேர்த்தார். அடுத்த முக்கியமான வேலை பிரான்சில் நடந்தது. துலூஸ் நகரத்தில் விமானத் துறைக்கான தேசியக் கல்லூரி ஒன்று இருக்கிறது, 'எக்கோல் நசியோனால் தெ லவியசியோன் சிவீல்'. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் இடம். அங்கிருந்த ஸ்தெஃபான் ஷாத்தியும் பெஞ்ஜமின் தீசுவாரும் பலவிரல் கருவிகளுக்குப் பொதுவான ஓர் இயக்கி எழுதினார்கள். 2011 மார்ச்சில் வந்த லினக்ஸ் மையப்பகுதியில் அது இடம்பெற்றது. இப்போது கடையில் விற்கும் பல மடிக்கணினிகளின் டச்பேட் லினக்ஸில் வேலை செய்வது அந்த இயக்கியின் வழியாகத்தான். கோப்பின் தலைப்பில் அந்தக் கல்லூரியின் பெயர் இன்னும் இருக்கிறது. யாரும் திறந்து பார்க்கலாம். பிரெஞ்சு வாத்தியார்களிடம் பிரம்படி வாங்கிப் படித்த எனக்கு அதைப் பார்த்தபோது ஒரு சந்தோஷம்.

2014 வாக்கில் 'லிப்இன்புட்' என்ற பொது நூலகம் உருவாகத் தொடங்கியது. யோனாஸ் ஓடால் தொடங்கிவைக்க, பீட்டர் ஹட்டரர் என்பவர் பொறுப்பேற்று வளர்த்தார். 2015-இல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. அதுவரை ஒவ்வொரு லினக்ஸிலும் டச்பேட் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது, அதற்குப் பிறகுதான் ஓர் ஒழுங்கு வந்தது. 2021 மார்ச்சில் வந்த நோம் 40 என்ற முகப்பில், மூன்று விரலை மேலே தள்ளினால் திறந்திருக்கும் எல்லா வேலைகளும் கண்முன் விரியும், பக்கவாட்டில் தள்ளினால் அடுத்த பணியிடத்துக்குப் போகும். 2022 ஜூனில் கே.டி.ஈ. பிளாஸ்மா முகப்பும் விரலோடு விரலாக நகரும் சைகைகளைக் கொண்டுவந்தது. இவை வராத பழைய முகப்புகளுக்கு ஹோசே எக்ஸ்போசிட்டோ எழுதிய டச்சேக் என்ற சிறு நிரல் கைகொடுக்கிறது. எந்த விரல் அசைவுக்கு எந்த வேலை என்பதை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் நாமே எழுதிவைத்துக்கொள்ளலாம்.

இனி, பிள்ளைகள் சொன்ன "தட்டினா கிளிக் ஆகல" என்பதற்கு வருவோம். அது பழுதல்ல. தட்டினால் கிளிக் ஆகும் வசதி லிப்இன்புட்டில் பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். இப்படி ஒரு வசதி இருப்பது தெரியாதவர்கள் தற்செயலாக விரல் பட்டு, எதுவோ தானாகத் திறக்கிறதே என்று பயந்துவிடக்கூடாது என்பதுதான் காரணம். அதை அவர்கள் ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நம் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தால் ஏன் வந்தது என்று தெரியாமலேயே முப்பது வருடம் அமல்படுத்தியிருக்கிறோம். இங்கே காரணமும் எழுத்தில் இருக்கிறது, மாற்றும் உரிமையும் நம்மிடம் இருக்கிறது.

மாற்றுவது கஷ்டமில்லை. 'அமைப்புகள்' பகுதிக்குள் போனால் மவுஸ், டச்பேட் என்று ஒரு தலைப்பு இருக்கும். அங்கே தட்டினால் கிளிக் என்பதை இயக்கலாம். அம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். எழுதும்போது உள்ளங்கை பட்டு அம்பு குதிக்காமல் இருக்க, தட்டச்சு செய்யும் நேரத்தில் டச்பேடை முடக்கும் வசதி உண்டு. இடக்கைக்காரர்களுக்குப் பொத்தான்களை இடம் மாற்றிக் கொடுக்கலாம்.

இன்னொன்று, இரண்டு விரலால் உருட்டும் திசை. விரலைக் கீழே இழுத்தால் பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டும்? பழைய வழக்கப்படி பார்வை கீழே போகும், எழுத்து மேலே ஏறும். 2011 ஜூலையில் ஆப்பிள் இதைத் தலைகீழாக்கி, அதற்கு 'இயல்பான உருட்டல்' என்று பெயர் வைத்தது. காகிதத்தை விரலால் இழுப்பது போல, விரல் போகும் திசையிலேயே எழுத்தும் போகும். செல்போனில் பழகிய பிள்ளைகளுக்கு இதுதான் இயல்பு. என்னைப் போன்றவர்களுக்குப் பழையதுதான் இயல்பு. லினக்ஸில் ஒரே ஒரு குமிழைத் தள்ளி இரண்டில் எதையும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் எனக்குப் பழைய தட்டச்சுப்பொறிகள் ஞாபகம் வருகின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அலுவலக மூலையில் பிரெஞ்சுப் பொறிகள் சில கிடந்தன. ஆங்கிலப் பொறியில் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும். இசட் இருக்கும் இடத்தில் டபிள்யூ. எண் அடிக்க வேண்டுமானால் ஷிப்ட் விசையை அழுத்த வேண்டும். அதில் பழகிய மூத்த குமாஸ்தாக்கள் ஆங்கிலப் பொறிக்கு மாறியபோது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாற்பது வயதுக்கு மேல் விரல்களுக்குப் புதிதாக எழுத்தறிவித்தார்கள். பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்து இரும்பில் வார்த்தது, மனிதன்தான் மாற வேண்டும். மென்பொருள் இரும்பு அல்ல. அதையும் இரும்பு போலவே நாம் பயந்து பார்க்கிறோம்.

எனக்கு இது உறைத்தது போன வருடம். கீழ்ப்பக்கத்து வீட்டில் ஒரு பெண் பிள்ளை கல்லூரிக்குப் போய்விட்டாள். அவள் பள்ளியில் வாங்கிய மடிக்கணினி வீட்டில் இருந்தது. அவள் அம்மா மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவர். நோட்டில் எழுதுவதைக் கணினியில் எழுதிப் பழக ஆசை. அந்தக் கணினியில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து ஏற்றினோம். எனக்கும் மகளுக்கும் அம்பு நன்றாக நகர்ந்தது. அம்மா தொட்டால் நின்று நின்று போனது, சில நேரம் அசையவே இல்லை.

"எங்கம்மா விரலுக்கு மட்டும் இது கேட்கமாட்டேங்குது தாத்தா" என்றாள் அந்தப் பெண்.

"நமக்கெல்லாம் இது இல்லைங்கய்யா, படிச்ச கைக்குத்தான் மதிக்கும்போல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

சாமை அறுத்து, புளி உடைத்து, மரவள்ளி பிடுங்கிக் காய்த்துப்போன கை அது. தோல் தடித்து, உலர்ந்திருந்தது. உலர்ந்த தடித்த தோல் டச்பேடின் மின்னேற்றத்தைக் குறைவாகத்தான் மாற்றும். டச்பேட் அந்த மாற்றத்தை ஓர் எண்ணாகச் சொல்கிறது. அந்த எண் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் 'விரல் பட்டது' என்று மென்பொருள் ஒத்துக்கொள்ளும். இன்னொரு அளவுக்குக் கீழே இறங்கினால் 'விரல் எடுக்கப்பட்டது' என்று முடிவு செய்யும். பழைய சினாப்டிக்ஸ் இயக்கியில் இந்த இரண்டு அளவுகளுக்கும் ஃபிங்கர்ஹை, ஃபிங்கர்லோ என்று பெயர். இரண்டும் வெறும் எண்கள்தான். அமைப்புக் கோப்பில் எழுதி மாற்றலாம். மகளே கட்டளையைத் தட்டினாள், எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். நாலாவது முறை அம்மா விரல் வைத்ததும் அம்பு ஓடியது. ரொம்பக் குறைத்தால் உள்ளங்கை நிழல் பட்டாலே குதிக்கும், அதனால் ஒரு படி மேலே ஏற்றி நிறுத்தினோம்.

விண்டோஸிலும் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் செய்தவர்கள் கொடுத்த மூன்று நான்கு படிகளுக்குள் நம் கை அடங்க வேண்டும். கட்டற்ற மென்பொருளில் அந்த எண்ணே நம் கையில் இருக்கிறது. யாருடைய விரலை அளவாக வைத்து எழுதினார்களோ தெரியாது, சித்தேரி அம்மாவின் விரலுக்கும் அதைத் திருத்தி எழுத முடிகிறது. இலவசத்துக்கும் கட்டற்றதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கணினி இலவசமாக வந்தது என்பதால் அந்த அம்மாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே இருந்தது திறந்திருந்ததால் நடந்தது.

எல்லாம் முடியும் என்றும் சொல்லமாட்டேன். பழைய டச்பேடுகள் சிலவற்றுக்கு மூன்று விரலைப் பார்க்கவே தெரியாது. இன்னும் சில, இரண்டு விரல் இருப்பதைச் சொல்லும், ஆனால் எந்த விரல் எந்த மூலையில் என்று சொல்லாது. பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருக்கும், வீடு நிலத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று எழுதியிருக்காதே, அந்த மாதிரி. அப்படிப்பட்டவற்றில் இரண்டு விரல் உருட்டல் வரை போகலாம், விரல்களைச் சுழற்றும் சைகையெல்லாம் வராது. இருப்பதை வைத்துக்கொண்டு திருப்திப்பட வேண்டியதுதான்.

நம் திட்டத்தில் என்ன குறைந்தது என்று யோசித்தால், அண்டை மாநிலத்தைப் பார்க்கலாம். கேரளத்தில் 2000-களின் பிற்பகுதியிலேயே பள்ளிக் கணினிக் கல்வியை முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வே லினக்ஸில்தான் நடந்தது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பிறகு பிள்ளைகளுக்குக் கணினி என்ற வரிசை அவர்களுடையது. பிரான்சின் ஜாந்தார்மெரி என்ற காவல்படை 2005-இல் முதலில் அலுவலக மென்பொருளை மட்டும் மாற்றியது. ஆட்கள் பழகியபின், 2008 முதல் பல்லாயிரம் கணினிகளை உபுண்டு லினக்ஸுக்கு மாற்றியது. இரண்டு இடத்திலும் மனிதர்களின் விரல் பழகுவதற்கு நேரம் கொடுத்தார்கள். நாம் கணினியை முதலில் கொடுத்தோம். 2018-இல் வந்த புதிய பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டுவுக்கும் இடம் கொடுத்தார்கள், நல்ல காரியம். ஆனால் முதல் மடிக்கணினி கைக்கு வந்து அதற்குள் ஏழு வருடம் ஓடிவிட்டது. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் போன்ற தன்னார்வலர்கள்தான் நடுவில் தமிழில் லினக்ஸைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. நம் வீடுகளில் இருக்கும் பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐத் தாங்காது. அதே 2025-ஆம் ஆண்டு மார்ச் மாத பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. புதியது வரட்டும், சந்தோஷம். பழையதைக் காயலான் கடைக்குக் கிலோ கணக்கில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசியுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், கரண்டில் நேராக ஓட்டலாம். கணினியில் இருக்கும் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பாஸோ, டெபியனோ, எடை குறைந்த முகப்புள்ள ஏதாவது ஒரு லினக்ஸோ ஏற்றுங்கள். ஏற்றியதும் வேறு எதையும் தொடாமல் நேராக டச்பேட் அமைப்புக்குப் போங்கள். தட்டினால் கிளிக், இரண்டு விரல் உருட்டல், எழுதும்போது முடக்கம், இந்த மூன்றையும் இயக்கிவிட்டு, வீட்டில் யார் பயன்படுத்தப்போகிறார்களோ அவர்கள் விரலை வைத்துப் பாருங்கள். உங்கள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று சொல்லாதீர்கள். அம்மாவுக்கென்றால் அம்மா விரல், பாட்டிக்கென்றால் பாட்டி விரல்.

மலையில் டவர் கிடைக்காத வீடுகள் நிறைய. அதனால், யாராவது அரூர் போகும்போது ஒரு பென்டிரைவில் எழுதி எடுத்து வந்தால் போதும். அந்த ஒரே பென்டிரைவை வைத்து எத்தனை வீட்டுக் கணினியில் வேண்டுமானாலும் போடலாம், வேண்டியவர்களுக்கு நகலும் எடுத்துக் கொடுக்கலாம். திருட்டுக் காப்பி என்று யாரும் சொல்ல முடியாது. உரிமத்திலேயே அதற்கு அனுமதி எழுதியிருக்கிறது.